எலெக்ட்ரிசிட்டி: ஒரு சொல்லை அசை பிரித்த கதை

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சென்ற ஆண்டு எங்கள் துறைக் கருத்தரங்கில் ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டிய முறை எனக்கு வந்தது. தலைப்பு, நிலைமின்னியலின் வரலாறு. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியிலேயே படித்தவன் நான். ஆங்கிலத்தில் மேடையேறுவது அதுவே முதல் முறை. பேச்சை எழுதி மனப்பாடம் செய்துகொண்டேன். ஆயினும் உச்சரிப்பில் ஐயம். கிராமத்தில் பழகிய நாவை நம்பக்கூடாது என்று முடிவு செய்து, நூலகத்திலிருந்த தடித்த அமெரிக்க அகராதியைப் புரட்டினேன். மிகுதியாக வரப்போகும் சொல் ‘எலெக்ட்ரிசிட்டி’ ஆயிற்றே! அகராதியில் அச்சொல் புள்ளிகளால் நான்கு துண்டாக வெட்டப்பட்டிருந்தது. முதல் துண்டு ‘எலெக்’, இரண்டாவது ‘ட்ரிக்’, மூன்றாவது தனி ‘இ’, நான்காவது ‘டி’. ஆகா, இத்தனை நாளும் தவறாகவே சொல்லி வந்தோமே என்று எண்ணி, இரவெல்லாம் ‘எலெக்-ட்ரிக்-இ-டி’ என்று உருப்போட்டேன். மறுநாள் மேடையில் கணீரென்று அப்படியே முழங்கினேன்.

முதல் முறை சொன்னபோது முன் வரிசை சிரித்தது. மூன்றாம் முறை சொன்னபோது மண்டபமே சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்பது தெரியாமலே ஐந்து நிமிடமும் பேசி முடித்து இறங்கினேன். அதன்பின் இரண்டு மாதம் எனக்கு விடுதியில் ‘ட்ரிக்கிட்டி’ என்றே பெயர்.

என் நாவுக்குப் பிறந்த நாள் முதல் தெரிந்திருந்த சொல் அது. நாவை விட்டு அகராதியை நம்பியதால் வந்த வினை. ஆனால் அகராதி பொய் சொல்லுமா? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு ஆங்கிலத்துறைப் பேராசிரியர் ஒருவரிடம் சென்றேன். அவர் சிரிக்கவில்லை. “தம்பி, அந்தப் புள்ளிகள் உங்களுக்காக வைத்தவை அல்ல, அச்சுக்கோப்பவருக்காக வைத்தவை” என்றார். அன்று தொடங்கிய விசாரணையில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

வரியின் கடைசியில் இடம் போதாமல் ஒரு நீண்ட சொல்லை முறித்து, சிறு கோடிட்டு, அடுத்த வரிக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எங்கே முறிக்கலாம் என்பதைச் சொல்வதுதான் அந்தப் புள்ளிகளின் வேலை. அமெரிக்காவில் 1783-இல் எழுத்துக்கூட்டுப் பாடநூலும் 1828-இல் பேரகராதியும் வெளியிட்ட நோவா வெப்ஸ்டரின் மரபில் வந்த அகராதிகள் இதற்கு ஒரு வழி வைத்துள்ளன. அழுத்தம் பெற்ற குறுகிய உயிரொலிக்குப் பின் வரும் மெய்யெழுத்தை அந்த உயிரோடேயே நிறுத்திவிடுவது அவ்வழி. ஆகவே ‘ட்ரி’யில் அழுத்தம் இருப்பதால், பின்னால் நிற்கும் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்து அதனோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியது எழுத்துதான், அதன் ஒலி ககரமாகிவிடவில்லை. அடுத்து இகர ஒலி நிற்பதால் அது ஸகரமாகவே ஒலிக்கும். துண்டைத் தனியே பார்த்தவனுக்கு அது ‘ட்ரிக்’ என்று தெரிந்ததில் வியப்பில்லை. இன்னொரு வேடிக்கை: முதலெழுத்தாகிய ‘இ’யைத் தனியே பிரித்துக் காட்டாதது, ஒற்றை எழுத்தை வரிக் கடைசியில் விட்டுச் செல்வதில் பயனில்லை என்பதற்காக மட்டுமே. வாயில் ஐந்து அசை. தாளில் நான்கு துண்டு.

ஒலிக்கேற்ற பிரிவு வேண்டுவோர் பார்க்க வேண்டியது அடைப்புக்குள்ளோ சாய்கோடுகளுக்குள்ளோ கொடுக்கப்படும் ஒலிக்குறியீட்டை. 1886-இல் பாரிசில் தோன்றிய பன்னாட்டு ஒலியியல் கழகம் வகுத்த எழுத்துமுறையில், அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு நிற்கும். டேனியல் ஜோன்ஸ் என்னும் ஒலியியலார் 1917-இல் வெளியிட்ட ஆங்கில உச்சரிப்பு அகராதி முதலாக இவ்வகை எழுத்து மாணவருக்கு எட்டியது. நாம் அக்குறியீட்டைத் தாண்டிப் பொருளுக்கு ஓடிவிடுகிறோம். நானும் ஓடியவன்தான்.

இனிச் சொல்லுக்கு வருவோம். அழுத்தம் விழும் அசையை மேற்கோளுக்குள் இட்டுக் காட்டினால் அது இப்படி நிற்கும்: இ-லெக்-‘ட்ரி’-ஸி-டி. உயிரொலி ஐந்து, ஆகவே அசையும் ஐந்து. உயிரின்றி மெய் தனித்து இயங்காது என்று நம் இலக்கணம் சொல்வதை மறவாதவர்களுக்கு, எத்தனை உயிரொலியோ அத்தனை அசை என்னும் ஆங்கிலக் கணக்கு எளிதில் பிடிபடும்.

அந்தச் ‘சி’ எழுத்து ஓரிடத்தில் ககரமாகவும் ஓரிடத்தில் ஸகரமாகவும் ஒலிப்பானேன்? ‘எலெக்ட்ரிக்’ என்னும்போது கடைசியில் க். ‘இட்டி’ சேர்ந்ததும் ஸ். எலாஸ்டிக்–எலாஸ்டிசிட்டி, பப்ளிக்–பப்ளிசிட்டி எல்லாம் இப்படியே. இது ஆங்கிலேயரின் கிறுக்கு என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் இது வாயின் அமைப்பில் பிறந்தது. ககரம் நாவின் பின்பகுதி மேலெழுவதால் பிறக்கிறது. இகர எகரங்களோ நாவின் முன்பகுதி உயர்வதால் பிறப்பவை. பின்னால் எழுந்த நா உடனே முன்னுக்கு ஓட வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஓடி ஓடி, ககரமே முன்னால் நகர்ந்துவிடுகிறது. பழைய இலத்தீனில் எங்கும் ககரமாக இருந்த அந்த எழுத்து, இ, எ ஆகிய ஒலிகளுக்கு முன் பிற்காலத்தில் இளகியது. பிரெஞ்சு வழியாக அந்த இளகிய ஒலி ஆங்கிலத்துக்கு வந்தது. எழுத்தை மட்டும் அவர்கள் மாற்றவில்லை.

தமிழுக்கு இது அயலானதன்று. கன்னடத்தில் காதைக் ‘கிவி’ என்கிறார்கள். நாம் ‘செவி’ என்கிறோம். கன்னடத்தில் ‘கிறு’ என்று நிற்பது நம்மிடம் ‘சிறு’. அவர்களது பழைய ‘கெய்’ நமது ‘செய்’. இகர எகரங்களுக்கு முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாகி, கன்னடத்தில் அப்படியே நின்றுவிட்டது என்பது மொழிநூலார் கண்ட முடிவு. எலெக்ட்ரிக் என்பது எலெக்ட்ரிசிட்டி ஆனபோது நடந்ததும், கிவி செவியானபோது நடந்ததும் ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சிதான். இதைத் தமிழ்த்துறைப் பேராசிரியரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அன்றிரவு எனக்கு ‘ட்ரிக்கிட்டி’ என்ற பெயரின் மேல் இருந்த வருத்தம் பாதி போய்விட்டது.

சொல்லின் பிறப்பையும் இவ்விடத்தில் சொல்லிவிடலாம். அம்பர் என்னும் மஞ்சள் நிறப் பிசின் கல்லைக் கிரேக்கர் ‘எலெக்ட்ரோன்’ என்றனர். அதைத் தேய்த்தால் துரும்பை இழுக்கும் என்பதைப் பழங்காலத்தவர் அறிந்திருந்தனர். எலிசபெத் அரசியின் மருத்துவரான வில்லியம் கில்பர்ட், 1600-இல் காந்தத்தைப் பற்றி இலத்தீனில் எழுதிய நூலில், அம்பரைப் போல இழுக்கும் பொருள்களுக்கு அப்பெயரிலிருந்தே ஓர் அடைமொழியை ஆக்கினார். ‘எலெக்ட்ரிசிட்டி’ என்ற ஆங்கில வடிவத்தை 1646-இல் தாமஸ் பிரவுன் என்னும் மற்றொரு மருத்துவரின் நூலில் காண்கிறோம். ஆக, நாம் ஆங்கிலச் சொல் என்று கடன் வாங்கியது ஆங்கிலேயர் இலத்தீனிடமிருந்து வாங்கியது. இலத்தீன் கிரேக்கத்திடமிருந்து வாங்கியது.

இப்போது அழுத்தத்தைப் பார்ப்போம். நம் மாணவர் பேசும் ஆங்கிலம் அயலாருக்குப் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் எழுத்தொலி காரணமன்று; அழுத்தம் இடம் மாறுவதே காரணம் என்று அப்பேராசிரியர் கூறினார். கேட்டுப் பார்த்ததில் எனக்கும் அப்படியே தோன்றுகிறது. இந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இ-‘லெக்’-ட்ரிக்.
இ-லெக்-‘ட்ரி’-ஸி-டி.
இ-லெக்-‘ட்ரி’-ஷன்.
இ-லெக்-ட்ரி-ஃபி-‘கே’-ஷன்.

வேர் ஒன்றே. வால் நீள நீள அழுத்தம் வலப்பக்கம் நகர்ந்துகொண்டே போகிறது. காரணம், ஆங்கிலத்தில் இத்தகைய சொற்களில் அழுத்தத்தை நிர்ணயிப்பது தலை அன்று, வால். ‘இக்’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசையில் அழுத்தம். ‘இட்டி’ என்று முடிந்தாலும் அதற்கு நேர் முந்தைய அசையில் அழுத்தம். யூ-னி-‘வெர்’-ஸி-டி, நே-ஷ-‘னா’-லி-டி, ரெஸ்-பான்-ஸி-‘பி’-லி-டி என்று எவ்வளவு நீண்ட சொல்லாயினும் கடைசியிலிருந்து மூன்றாவது அசையைப் பிடித்தால் போதும், தவறாது. ‘இக்’ வாலில் மட்டும் அரித்மெடிக், பாலிடிக்ஸ் போலச் சில அடங்காதவை உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகத்தான் பழக வேண்டும்.

அழுத்தம் என்றால் உரக்கக் கத்துவது என்று நினைத்துவிடக்கூடாது. அந்த அசை சற்று உரத்தும், சற்று நீண்டும், சற்றுச் சுருதி உயர்ந்தும் ஒலிக்கும். அதைவிட முக்கியமானது, மற்ற அசைகள் குறுகிப்போவது. இ-லெக்-‘ட்ரி’-ஸி-டி என்பதில் நான்காவதான ‘ஸி’ பாதி உயிர் போய் ‘ஸ’வுக்கும் ‘ஸி’க்கும் நடுவில் தொங்கும். நமக்கு இது விளங்காததற்குக் காரணம், தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, ஒற்றுக்கு அரை என்று எல்லா எழுத்துக்கும் படியளந்து வைத்திருப்பதே. எலெக்ட்ரிசிட்டி என்று தமிழில் எழுதி அளந்து பாருங்கள்: குறில் ஐந்து, ஒற்று மூன்று, ஆறரை மாத்திரை. ஆங்கிலேயனிடம் இந்தத் தராசு செல்லாது.

ஆயினும் குறுகும் உயிர் என்றால் என்ன என்பதைத் தமிழ் மாணவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆங்கில நூல் வேண்டியதில்லை. ‘நடு’ என்பதையும் ‘நாடு’ என்பதையும் சொல்லிப் பாருங்கள். முன்னதன் உகரம் முழுதாக ஒலிக்கிறது; பின்னதன் உகரம் பாதியாய்த் தேய்கிறது. முற்றியலுகரம், குற்றியலுகரம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்ததுதான். குற்றியலுகரத்தை இயல்பாகச் சொல்லும் நாவுக்கு அந்த ‘ஸி’யைக் குறுக்கவும் தெரியும். நாம் சில இடங்களில் மட்டும் செய்வதை ஆங்கிலேயர் அழுத்தமில்லாத அசையெங்கும் செய்கிறார்கள். வேறுபாடு அவ்வளவே.

அப்படியானால் நாம் ஏன் இச்சொல்லில் ‘சிட்’டின் மேல் ஏறி உட்காருகிறோம்? எலெக்ட்ரி-‘சிட்’-டி என்றுதானே நம்மில் பலர் சொல்கிறோம்? இக்கேள்விக்கு விடை எங்கும் எழுதிக் கிடைக்கவில்லை. பல நாள் யோசித்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் அங்கே ‘டி’ ஒற்றைதான். ஆனால் தமிழில் இரண்டு உயிர்களுக்கிடையே தனித்து வரும் டகரம் ‘அடி’, ‘படி’ என்பனவற்றில் போல மெலிந்து ஒலிக்கும். வல்லோசை வேண்டுமானால் ‘அட்டி’, ‘பட்டி’ என்று இரட்டிக்க வேண்டும். ஆகவே ஆங்கில வல்லோசையைக் காப்பாற்ற ‘சிட்டி’ என்று நேர்மையாக இரட்டித்து எழுதினோம். இரட்டித்தவுடன் ‘சிட்’ என்பது ஒற்றடுத்த கனத்த அசையாகிவிட்டது. கனத்த அசையில் நம் காது தங்கும். எடை அங்கே போய் விழுந்தது. ஒலியைக் காப்பாற்றப் போய் அழுத்தத்தைத் தொலைத்தோம். யுனிவர்சிட்டி, பப்ளிசிட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். இதில் ஒரு விந்தை: அமெரிக்கர் வாயில் இந்த ஒற்றை ‘டி’ இளகி, நம் ‘அடி’யின் டகரத்துக்கு அருகில் வந்துவிடுகிறது. இரட்டிக்காமல் ‘எலெக்ட்ரிசிடி’ என்று எழுதித் தமிழன் படித்தால் ஏறக்குறைய அமெரிக்கன் சொல்வது போலவே இருக்கும்!

யாப்பறிந்த நண்பர்களுக்காக ஒரு சிறு விளையாட்டு. ‘எலெக்டிரிசிட்டி’ என்று இகரம் சேர்த்து எழுதினால் எலெக்-டிரி-சிட்-டி என்று பிரியும்: நிரை நிரை நேர் நேர், கருவிளந்தண்பூ. ‘எலெக்ட்ரிசிட்டி’ என்று ஒற்றாகவே எழுதினால் எலெக்ட்-ரிசிட்-டி: நிரை நிரை நேர், கருவிளங்காய். ஒரு புள்ளி வைத்ததும் நாலசைச்சீர் மூவசைச்சீராகிவிட்டது. இரண்டு குறில் சேர்ந்து ஒரு நிரையாவதால், ஆங்கிலத்தில் ஐந்தாக இருந்தது நம்மிடம் நான்காகவும் மூன்றாகவும் சுருங்குகிறது. அசை என்று இருவரும் ஒரே சொல்லால் குறித்தாலும், அவர்கள் அசையும் நம் அசையும் ஒன்றல்ல என்பது இதனால் தெரியும். வெண்பாவில் யாரேனும் இதை வைக்கப் போனால், காய்ச்சீராகவே வைத்துக்கொள்க. பூச்சீருக்கு வெண்பாவில் இடமில்லை. ஒற்றாக எழுதினாலும் இலக்கணம் விடாது. தமிழ்ச் சொல்லில் ககர ஒற்றுக்குப் பின் ககரம்தான் வரலாம். டகர ஒற்றுக்குப் பின் ரகரம் வரவே கூடாது. ‘க்ட்ர’ என்னும் கூட்டு இரண்டு விதிகளையும் ஒரே மூச்சில் மீறுகிறது.

இந்தக் கூட்டில்தான் என் குற்றம் ஒன்று ஒளிந்திருக்கிறது. என் தாய்மாமா ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுபவர். ‘எலட்ரிக் கடை’ என்பார், ‘எலட்ரிசன்’ என்பார். ஏழாம் வகுப்பில் ஆங்கிலம் தெரிந்துவிட்ட செருக்கில், கடையில் நாலு பேர் இருக்கும்போது, “எலட்ரிக் இல்ல மாமா, எலெக்ட்ரிக்!” என்று திருத்தினேன். அவர் கோபிக்கவில்லை. “எப்படிச் சொன்னாலும் வர்ற கரண்டு வரத்தாண்டா போவுது” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்று சிரிப்பு அவர் பக்கம் என்று எண்ணினேன். பிறகு அவர் என் முன்னால் அந்தச் சொல்லைத் தவிர்த்துக் ‘கரண்டு கடை’ என்று சொல்லத் தொடங்கியதைக் கவனித்தபோதுதான், அச்சிரிப்பில் அவருக்கும் பட்டிருக்கிறது என்று புரிந்தது.

மாமா செய்தது தவறா? பக்தி, பத்தி ஆயிற்று. சக்தி, சத்தி ஆயிற்று. யுக்தி, உத்தி ஆயிற்று. ஒட்டாத ககர ஒற்றைக் கரைத்து, அடுத்த வல்லினத்தை இரட்டிப்பது தமிழ் நா வெகுகாலமாகச் செய்துவரும் வேலை. புலவர் செய்தபோது அது ஆட்சி பெற்றது; மாமா செய்தபோது நான் திருத்தினேன். ‘லெக்ட்’ என்பது ‘லெட்ட்’ ஆனது அதே வழியில்தான். டாக்டரைச் சிலர் ‘டாக்குட்டர்’ என்று உகரம் இட்டு அவிழ்ப்பதும், சிலர் ‘டாட்டர்’ என்று கரைப்பதும் இதே சிக்கலுக்கு இரு வேறு தீர்வுகள்.

இன்னும் கேளுங்கள். இலத்தீனின் நேர் வாரிசான இத்தாலிய மொழியும் இதையே செய்திருக்கிறது. இலத்தீனில் எட்டுக்கு ‘ஒக்தோ’, இத்தாலியில் ‘ஒத்தோ’. இரவுக்கும் பாலுக்கும் உரிய சொற்களிலும் ககரம் கரைந்து ‘நோத்தே’, ‘லாத்தே’ என்றாயின. ஆகவே இத்தாலியர் எலெக்ட்ரிக் என்பதை ககரமே இல்லாமல், தகரத்தை இரட்டித்து, ‘எலெத்ரிக்கோ’ என்கின்றனர். அது அவர்கள் பள்ளியில் கற்பிக்கும் மொழி. அகராதியில் அச்சான வடிவம். மின்கலத்தை உருவாக்கிய வோல்ட்டா பிறந்த நாட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்த ஆண்டுக் கருத்தரங்கில் மீண்டும் பேசினேன். இ-லெக்-‘ட்ரி’-ஸி-டி என்று பதினொரு முறை சொன்னேன், எண்ணிக்கொண்டே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது மாமா கடையில் உட்கார்ந்து இத்தாலியர் கதையைச் சொன்னேன். எலெக்ட்ரிக் என்று நான் அன்று திருத்தியது வேண்டாத வேலை என்பதையும் சொன்னேன். அவர் செப்புக் கம்பியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு, “அப்ப அந்த ஊருல டாட்டரை என்னன்னு சொல்லுவாங்க?” என்று கேட்டார்.

“தொத்தோரே” என்றேன்.

“தொத்தோரே” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, “அந்த டெஸ்டரை எடு” என்றார்.